இரண்டு பஞ்சாங்கத்துச் சனி

எங்கள் வீட்டில் சனி இரண்டு இடத்தில் இருந்தார். சமையலறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின்படி அவர் இன்னும் கும்பத்தை விட்டு நகரவில்லை. அடுத்த வருடம்தான் மீனத்துக்குப் போவார். என் கைபேசியில் இருந்த செயலியின்படி அவர் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. மகர ராசிக்காரியான எனக்கு, அவர் மீனத்துக்குப் போனால் ஏழரைச் சனி முடிகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது கைபேசியைப் பார்த்தால் என் கெட்ட காலம் முடிந்திருக்கும். தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தால் இன்னும் பாக்கி இருக்கும்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த வருடம் எனக்கு வேடிக்கை பேசத் தெம்பு இருக்கவில்லை.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். நான் மின் பொறியியல் படித்தேன். படித்து முடித்த நாளிலிருந்து அரசுத் தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்தேன். பகலில் திருவண்ணாமலையில் ஒரு சோலார் கடையில் வேலை. லாட்ஜ், கல்யாண மண்டபம், செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வாடகை வீடுகள், இவற்றின் மொட்டைமாடியில் தகடு மாட்டிக் கீழே இன்வெர்ட்டர் வைக்கிற கடை. ஓர் இடத்தில் எத்தனை மின்விசிறி, எத்தனை விளக்கு, தண்ணீர் மோட்டார் எவ்வளவு பெரியது, எது எவ்வளவு நேரம் ஓடும் என்று எழுதிக் கூட்டி, என்ன பேட்டரி வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு. சாயங்காலம் பஸ். பஸ்ஸில் பொது அறிவு. வீட்டுக்கு வந்ததும் கணக்கு, பழைய வினாத்தாள். பௌர்ணமி வந்தால் ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு நடை, பிறகு நின்றபடியே பயணம், அதற்குப் பிறகு கணக்கு.

இத்தனைக்கும் காரணம் என் ஜாதகத்தில் பத்தாம் இடத்தில் சூரியனும் சனியும் சேர்ந்திருப்பது.

நான் பிறந்தது சித்திரை மாதம், உச்சி வெயிலில். கடக லக்னம். அதற்குப் பத்தாவது வீடு மேஷம். அது தொழில் வீடு. சித்திரையில் சூரியன் அங்கே இருப்பார், அது அவருக்கு உச்ச வீடு. எங்கள் வீட்டில் எழுதி வைத்திருந்த கட்டத்தில் சனியும் அங்கேயே இருந்தார். அவருக்கு அது நீச வீடு. ஒருவர் ராஜாவாகவும் ஒருவர் ஒன்றுமில்லாதவராகவும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சூரியன் என்றால் அரசாங்கம், சனி என்றால் தாமதம். இரண்டையும் கூட்டி அப்பா சொல்வார்: அரசு வேலை கட்டாயம் உண்டு, கொஞ்சம் தள்ளிக் கிடைக்கும்.

இந்தக் கூட்டலுக்குள் எல்லாம் அடங்கியது. தேர்வு தள்ளிப்போனால் சனி. புது அறிவிப்பு வந்தால் சூரியன். கொஞ்ச மதிப்பெண்ணில் தவறிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. எந்த வயரில் வைத்தாலும் ஒரே அளவைக் காட்டுகிற மீட்டரை நாங்கள் கடையில் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். அப்பா இதை ஓரமாக வைக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றினார். பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களில், சூரியனுக்கு என்று இந்திர லிங்கத்திலும், சனிக்கு என்று வருண லிங்கத்திலும் விளக்கு ஏற்றினார். ஒன்று கோயிலுக்குப் பக்கத்தில், மற்றது மலைக்கு அந்தப் பக்கம். என் கட்டத்தில் ஒரே வீட்டில் இருந்தவர்களை அவர் கால் வலிக்க நடந்து தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்தார். நானும் பல தடவை கூடப் போயிருக்கிறேன். நடக்கும்போது அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

ஒருமுறை, சோலார் கடையும் சூரியன் சம்பந்தப்பட்ட வேலைதானே என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"சூரியன்னா கவர்மெண்ட்டு. மொட்டமாடில தகடு மாட்டுறது இல்ல."

அந்த நிலைமையில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேலை வந்தது. பெரிய ஆலைகளுக்குச் சூரிய மின்சார அமைப்பை வடிவமைத்துக் கொடுக்கிற நிறுவனம். நான் செய்துகொண்டிருந்த அதே வேலைதான், ஆனால் லாட்ஜ் மொட்டைமாடிக்குப் பதிலாக ஒரு நூற்பாலையின் முழுக் கூரை. கணினி வழியாகவே நேர்காணல் நடத்தினார்கள். கேள்விகள் எனக்குத் தெரிந்தவை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். வேலை கொடுத்துக் கடிதமும் அனுப்பிவிட்டார்கள். சேருகிறேனா இல்லையா என்று அந்த வார முடிவுக்குள் சொல்ல வேண்டும்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, ஏழரை முடியட்டும் என்றார்.

அது முடிந்துவிட்டது என்று கைபேசியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். நம் வீட்டுக்கு வாக்கியம்தான் என்றார்.

இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு வகை. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் என்பது வானத்தில் கிரகம் இன்றைக்கு இருக்கிற இடத்தைப் பார்த்துத் திருத்திக் கணிப்பது. மற்ற கிரகங்களில் வித்தியாசம் கம்மி. சனி மெதுவாக நகர்கிறவர். அவர் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குப் போகிற நாளில் இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. கோயிலில் ஒரு வருடம் பெயர்ச்சி, கைபேசியில் இன்னொரு வருடம் பெயர்ச்சி. எல்லோருக்கும் இது தெரியும். யாரும் இதற்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் போட்டோம்.

அன்றைக்குச் சண்டை பெரிதாகத்தான் போனது. என்ன பேசினோம் என்று எழுதினால் எல்லா வீட்டுச் சண்டை மாதிரியும் இருக்கும். உன்னைப் படிக்க வைத்தது இதற்கா என்று அவர் கேட்டார். படிக்க வைத்தது எதற்கு என்று நானும் கேட்டேன். அம்மா இருவர் தட்டிலும் சோற்றைப் போட்டுவிட்டு, ஆறிப்போகுது என்று மட்டும் சொன்னாள்.

படுத்த பிறகு ஒன்று தோன்றியது. இப்போதைய சனி இரண்டு இடத்தில் இருக்கிறார் என்றால், நான் பிறந்த அன்றைக்கு மட்டும் அவர் ஒரே இடத்தில் இருந்திருப்பாரா? இத்தனை வருடம் இதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. செயலியில் பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தேன். கட்டம் வந்தது. மேஷத்தில் சூரியன் மட்டும் இருந்தார். சனி அடுத்த வீட்டில், ரிஷபத்தில், பதினோராவது இடத்தில் இருந்தார்.

சேர்க்கையே இல்லை.

சூரியன்–சனி சேர்க்கைக்கு என்ன பலன் என்று அதே செயலியில் தேடிப் படித்தேன். அரசுத் துறையில் தாமதமான வேலை என்று இருந்தது. அதற்குக் கீழேயே, சூரியன் தகப்பனைக் குறிக்கும், சனி அவருக்குப் பகை, ஆகையால் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கருத்து வேறுபாடு என்று இருந்தது. முதல் வரியை எங்கள் வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டாவதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அசதிதான் வந்தது. தப்பான முகவரிக்கு இத்தனை வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அப்பா போகிற ஜோசியர் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறார். நான் அவரிடம் ஜாதகத்தோடு போனதில்லை, ஆனால் அவர் எங்கள் கடை வாடிக்கையாளர். அந்த வாரமே அவருடைய இன்வெர்ட்டர் கத்துகிறது என்று புகார் வந்தது. போவதற்கு வேறு ஆள் இருந்தும் நான் போகிறேன் என்றேன். நடக்கும்போதே கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, எந்தக் கட்டம் சரி. இரண்டு, அவர் போட்டது தப்பு என்றால் அதை அப்பாவிடம் அவரே சொல்வாரா. மூன்று, இந்த வாரத்துக்குள் சொல்வாரா. கடையில் பில் தவறினால் எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் போனேன். அவர் தப்பாகக் கணித்துவிட்டார், அப்பா ஒன்றும் தெரியாமல் நம்பிவிட்டார் என்பதுதான் என் எண்ணம்.

முன் அறையில் நான்கைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். ஜோசியருக்கு அறுபது வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை, முன்னால் மடிக்கணினி.

"உங்க கடை இன்வெர்ட்டருக்கு ஏழரை பிடிச்சிருக்கும்மா. கூவிக்கினே இருக்குது."

பார்த்தேன். லேசர் பிரிண்டரை அதில் செருகி வைத்திருந்தார். இதில் போடக் கூடாது என்று மாட்டும்போதே சொல்லியிருந்தோம். அதைச் சொன்னேன்.

"ஜாதகத்த பிரிண்ட் போட்டுக் குடுக்காம வாயால சொன்னா இப்ப எவன் நம்பறான்?" என்றார். காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

பிரிண்டரை வேறு பிளக்கில் மாற்றினேன். கத்தல் நின்றது. உட்கார்ந்தபடியே என்னை உற்றுப் பார்த்தவர், கீழ்பென்னாத்தூர்க்காரர் மகள்தானே என்று அப்பாவைச் சொல்லிக் கேட்டார். மூக்கு அப்படியே இருக்கிறதாம். நான் கைபேசியை நீட்டினேன். சனி பதினொன்றில் இருக்கிறார், பத்தில் இல்லை என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திருக்கணிதத்தில் பதினொன்று, வாக்கியத்தில் பத்து என்றார்.

"ரெண்டுல எது சார் சரி?"

"எங்க வழி வாக்கியம். ஆனா கேக்கறவங்களுக்கு ரெண்டும் போட்டுக் குடுக்கறேன். அவங்களுக்கு எது புடிக்குதோ அத எடுத்துக்கினு போறாங்க." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "உங்கப்பாவுக்கும் ரெண்டு கட்டமும் போட்டுக் காட்டினேனே. சொல்லலியா?"

என் வரிசையில் அடுத்து இருந்தது எதுவும் எனக்கு உதவவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டேன்.

நான் கல்லூரி முடித்த வருடமாம். அப்பா வந்து முன் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். ஜோசியர் இரண்டையும் விளக்கினாராம். பதினொன்றில் சனி இருந்தால் லாப ஸ்தானம், பிழைப்பு நன்றாக இருக்கும், ஆனால் பெண் ஊரில் தங்க மாட்டாள், தூரத்தில்தான் வாழ்க்கை என்று சொன்னாராம். பத்தில் சூரியனோடு சேர்ந்திருந்தால் அரசு வேலை, அது இந்த ஜில்லாவுக்குள்ளேயே அமையலாம். ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு.

"தகப்பனுக்கும் பொண்ணுக்கும் ஆவாது, வீட்டுல எப்பவும் முட்டல்தான், நல்லா யோசிச்சுக்கோங்கனு சொன்னேன்மா. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'பரவால்ல சாமி. சண்ட போட்டுக்கினாவது இங்கயே இருக்கட்டும்'னாரு. அந்தக் கட்டத்த மட்டும் மடிச்சு எடுத்துக்கினு போனாரு. இன்னொண்ண இங்கயே வச்சுட்டாரு."

நாற்காலியில் இருந்த ஓர் அம்மாள் தன் முறை வந்துவிட்டதா என்று கேட்டாள். நான் டெஸ்டரையும் இடுக்கியையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பிரிண்டரை மறுபடி அங்கே செருக வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. புத்தகத்தைத் திறக்கவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. எங்கள் சண்டைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எந்தத் தேர்வு எழுதுவது என்பதற்கு, இருட்டும்வரை கடையில் ஏன் நிற்கிறாய் என்பதற்கு, தேர்வு முடிவு வந்த நாட்களில் எதற்கென்றே தெரியாமல். ஒவ்வொன்றின் முடிவிலும் அவர் சட்டென்று அடங்கிவிடுவார். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். தோற்றுப்போய் அடங்குகிறார் என்றுதான் நான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜோசியர் சொன்னது நடக்கிறது, ஆகவே மீதியும் நடக்கும் என்று அவர் உள்ளுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அவரிடம் அதை நான் இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது வெளிச்சம் இருந்தது. அப்பா வாசலில் தார்ப்பாயில் காய்ந்த மல்லாட்டையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நான் பையை வைத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டை உடைத்துத் தின்றேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

"ஜோசியர் வீட்டுல இன்வெர்ட்டர் கம்ப்ளெயிண்ட்டு. போயிருந்தேன்."

அவர் கால் நின்றது. பிறகு மறுபடி கிளறினார். அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"என்ன சொன்னாரு?"

"எல்லாம் சொன்னாரு."

"அவரு வாய் சும்மா இருக்காது," என்றார்.

அம்மா கதவருகில் வந்து நின்றுவிட்டு உள்ளே போனாள். நான் கோயம்புத்தூருக்குச் சரி என்று எழுதப் போவதாகச் சொன்னேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். உயர்த்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த தேர்வு வந்தால் லீவு போட்டு வந்து எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அது உண்மைதான். அதற்குப் பணம் கட்டியாகிவிட்டது.

"ஏழர இன்னும் முடியல," என்றார்.

"தெரியும்பா. செவுத்துல பாத்தேன்."

"தெரிஞ்சேதான் போற."

"ஆமா."

அவர் குனிந்து தார்ப்பாயின் ஓரத்தில் சிதறியிருந்ததை உள்ளே தள்ளினார். நானும் என் பக்கம் இருந்ததைத் தள்ளினேன். இந்த வேலையை நாங்கள் சேர்ந்து செய்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அப்ப நமக்குச் சண்டதான்," என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"சண்டதான்," என்றேன்.

 நான் போய் மின்னஞ்சல் எழுதினேன். இரண்டே வரி. அனுப்பிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கே குளிராமே, போர்வை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். கோயம்புத்தூரைப் பற்றி எங்கள் வீட்டில் முதன்முதலாக வந்த சாதாரணக் கேள்வி அது.

கிளம்பும் நாளை அப்பாதான் குறித்தார், சுவரைப் பார்த்து. ராகு காலம் இரண்டு பஞ்சாங்கத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதில் தகராறு வரவில்லை. எப்படிப் போவது என்பதில் வந்தது. காட்பாடிக்குப் போய் ரயில் ஏறு என்றார் அவர். சேலம் பஸ்ஸில் போய் அங்கே மாறிக்கொள்கிறேன் என்றேன் நான். காட்பாடி என்பது கிழக்கே போகிறவன் வடக்கே போகிற மாதிரி என்றேன். மேற்கே போகிறவள் என்று திருத்தினார். ரயிலில் காலை நீட்டிக்கொள்ளலாம் என்றார். பஸ்ஸில் இறங்கி ஏறுகிற தொல்லை கம்மி என்றேன். இந்தப் பேச்சு வீட்டில் தொடங்கி, கீழ்பென்னாத்தூரில் டவுன் பஸ் ஏறி, திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் சேலம் பஸ் கிடைக்கும்வரை தொடர்ந்தது. என் பையை உள்ளே தூக்கி வைத்துவிட்டு இறங்கியவர், ஜன்னலுக்குக் கீழே நின்று, இந்த பஸ்காரன் ஊத்தங்கரையில் அரை மணி நேரம் நிறுத்திப் போட்டுவிடுவான் என்று கடைசியாக ஒன்று சொன்னார். வண்டி கிளம்பிவிட்டதால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டும்போது வண்டி மெதுவானது. ரோட்டோரம் நாங்கள் தகடு மாட்டிக் கொடுத்த விடுதி ஒன்று தெரிந்தது. தகட்டின் மேல் தூசி. துடைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், இனி அது என் வேலை இல்லை என்பதும் கூடவே வந்தது. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். தூக்கம் நன்றாகவே வந்திருக்கும்.

கைபேசி அடித்தது. அப்பா.

"எங்க இருக்க?"

"இன்னும் செங்கம் வரல."

"அதத்தான் சொன்னேன். ரயில்ல போயிருந்தா இந்நேரம் ஜோலார்பேட்டையே தாண்டியிருப்ப."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காட்பாடிக்கே இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன், அதற்குள் ஜோலார்பேட்டை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிக்னல் போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.